கட்டிட மர அறுவை (புதுச்சேரி வட்டாரம்)

கட்டிட மர அறுவை என்பது, புதிதாக வெட்டப்பட்ட மரத்தையோ பழைய கட்டிடங்களிலிருந்து கழற்றி எடுக்கப்பட்ட மரத்தையோ, ஒரு குறிப்பிட்ட கட்டிட வேலைக்குத் தேவையான நீளம், அகலம், கனம் ஆகியவற்றுக்கு ஏற்ப அறுத்துக் கொடுக்கும் தொழில் ஆகும். மரத்தின் உரிமையாளர் தாமே மரத்தைக் கொண்டுவந்து, கூலி கொடுத்து அறுத்துச் செல்வது இதன் முதன்மையான வடிவம். மரவாடியில் உருட்டுக்கட்டையைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே தேவையான அளவுகளில் அறுத்து வாங்குவது மற்றொரு வடிவம். நிலை, கதவு, சன்னல், உத்திரம், கைமரம், ரீப்பர், படிக்கட்டு, தூண் முதலிய கட்டிட உறுப்புகள் இவ்வாறு பெறப்படுகின்றன.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஊரகக் கொம்யூன்களான வில்லியனூர், பாகூர் ஆகியவற்றில் இத்தொழிலுக்கு இருவகை மரங்களும் கிடைக்கின்றன. தோப்புகளிலும் வயல் வரப்புகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் வளர்ந்த நாட்டு மரங்கள் ஒரு வகை. புதுச்சேரி நகரிலும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலும் இடிக்கப்படும் பழைய வீடுகளின் மரங்கள் இன்னொரு வகை. அறுவை ஆலை பேச்சு வழக்கில் சாமில் என்றும், மரம் விற்கும் இடம் மரவாடி என்றும் அழைக்கப்படுகின்றன.

வட்டாரப் பின்னணி

புதுச்சேரி மாவட்டம் ஒரே தொடர்ச்சியான நிலப்பரப்பு அன்று. அது தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு இடையே திட்டுத்திட்டாக அமைந்துள்ளது. 1973 ஆம் ஆண்டின் புதுச்சேரி கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டத்தின் கீழ் அமைந்த வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் ஆகிய ஐந்து கொம்யூன்கள் இம்மாவட்டத்தின் ஊரகப் பகுதிகளாகும். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்லும் சாலை சில இடங்களில் மாநில எல்லையைப் பலமுறை கடக்கின்றது. மரம் வெட்டப்படும் இடமும் அறுக்கப்படும் இடமும் கட்டிடம் எழும் இடமும் வெவ்வேறு ஆட்சிப் பகுதிகளில் அமையக்கூடும் என்பதால், இந்த நில அமைப்பு மரத் தொழிலுக்கு முக்கியமானது.

இப்பகுதி பெரும்பாலும் வேளாண் நிலம். குறிப்பாகப் பாகூர், புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று கூறப்படுவதுண்டு. பெரிய இயற்கைக் காடுகள் இங்கு இல்லை. எனவே உள்ளூர் மரம் என்பது தனித்தனியாக வளர்ந்த மரங்களையே குறிக்கின்றது. இத்தகைய மரங்களில் அடிப்பகுதி குட்டையாகவும் கிளைகள் மிகுதியாகவும் இருக்கும். வேலி ஓரங்களில் வளர்ந்தவற்றில் ஆணி, முட்கம்பி முதலியன புதைந்திருப்பதும் வழக்கம்.

வரலாறு

இயந்திர ஆலைகள் பரவுவதற்கு முன்னர் மரங்கள் குழி அறுவை முறையில் அறுக்கப்பட்டன. உருட்டுக்கட்டையை ஒரு குழியின் மீதோ உயரமான சாரத்தின் மீதோ கிடத்தி, ஒருவர் மேலே நின்றும் மற்றொருவர் கீழே நின்றும் நீண்ட ரம்பத்தை இழுத்து அறுப்பர். கரி அல்லது காவி தோய்த்த நூலைக் கட்டையின் மீது இழுத்துத் தெறிக்கவிட்டு அறுவைக் கோடு இடப்பட்டது. இக்கோடு இடுதல் இன்றும் தச்சர்களிடையே 'நூல் போடுதல்' எனப்படுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மாவிலிருந்து தேக்கு மரம் கடல் வழியாகச் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களுக்குப் பெருமளவில் வந்தது. புதுச்சேரி நகரின் பிரெஞ்சுப் பகுதி மாளிகைகளிலும், தமிழர் பகுதியின் திண்ணையும் முற்றமும் கொண்ட வீடுகளிலும், செட்டிநாட்டு மாளிகைகளிலும் பர்மா தேக்கைக் காணலாம். இன்று பழைய மரச் சந்தையில் மிகுந்த மதிப்புடன் விற்கப்படுவது இம்மரமே. மியான்மர் அரசு 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தது. இதன் பின்னர் பழைய மரத்தின் மதிப்பு மேலும் உயர்ந்தது.

இந்தியாவில் தேக்குத் தோட்ட வளர்ப்பு கேரளத்தின் நிலம்பூரில் 1840களில் தொடங்கியது. அங்குள்ள கனோலித் தோட்டம் இதன் தொடக்கக்காலச் சான்றாகப் பாதுகாக்கப்படுகிறது.

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டம் இவ்வட்டாரத்தின் பெருவிழாக்களுள் ஒன்று. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் ஆளுநர் வடம் பிடித்துத் தேரோட்டத்தைத் தொடங்கிவைத்த வழக்கம், தற்போது துணைநிலை ஆளுநரால் தொடரப்படுகிறது. தேரின் அச்சு, சட்டம், பலகை போன்றவற்றுக்கு வைரம் மிகுந்த மரங்களைத் தேர்ந்து அறுப்பது தமிழகத் தச்சுக் கலையின் தனிப் பிரிவாகும்.

பயன்படும் மர வகைகள்

தேக்கு: கதவு, நிலை, சன்னல் ஆகியவற்றுக்கு முதலிடம் பெறுவது. இதன் வைரப்பகுதி இயற்கையான எண்ணெய்த் தன்மை உடையது. கறையானை எதிர்க்கும் ஆற்றல் மிக்கது. வெள்ளைப் பகுதிக்கு இவ்வாற்றல் இல்லை. வரப்புகளில் வளர்க்கப்பட்டு இளம் வயதில் வெட்டப்படும் தேக்கில் வெள்ளையின் பங்கு மிகுதி. விரைவாக வளர்ந்த மரம் வலிமை குறைந்தது என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆயினும் வைரத்தின் பங்கு குறைவாக இருப்பதே இளமரத்தின் முதன்மையான குறைபாடு ஆகும்.

வேம்பு: நிலை, சன்னல் சட்டங்களுக்கும் பெட்டிகளுக்கும் பயன்படுகின்றது. நன்கு உலராவிடில் முறுக்கிக்கொள்ளும்.

பலா: மஞ்சள் நிற வைரம் கொண்டது. கதவு, அலமாரி, இசைக்கருவி ஆகியவற்றுக்கு ஏற்றது.

பூவரசு: கடினமும் நயமான ரேகையும் உடையது. பெரிய நேரான துண்டுகள் அரிதாகவே கிடைக்கும்.

மா: விலை குறைந்தது. வெட்டியவுடன் அறுத்து உலர்த்தாவிடில் நிறம் கெட்டு உளுத்துப்போகும். எனவே கான்கிரீட் வேலைக்கான அடைப்புப் பலகைகளுக்கே பெரிதும் பயன்படுகின்றது.

வேங்கை, கோங்கு, ஆச்சா, இலுப்பை: கடின மரங்கள். உத்திரம், தூண், நிலை போன்ற பாரம் தாங்கும் உறுப்புகளுக்கு உரியவை.

பனை: நாட்டு ஓட்டு வீடுகளின் கைமரமாகப் பயன்படுவது. பனை, தென்னை ஆகியவற்றின் தண்டு பிற மரங்களைப் போல் ஆண்டு வளையங்களால் பருப்பதில்லை. வெளிப்புறம் மிகக் கடினமான நார்களையும், உட்புறம் மென்மையான சோற்றையும் கொண்டிருக்கும். எனவே பனந்தண்டைப் பிளந்து, சோற்றை நீக்கி, புறப்பகுதியை மட்டும் கைமரமாக்குவர். முதிர்ந்த பனங்கைகள் ஒரு வீட்டிலிருந்து கழற்றப்பட்டு அடுத்த வீட்டிற்குச் செல்வது ஊர்ப்புறங்களில் நெடுங்கால வழக்கம்.

அக்கேசியா: ஆரோவில்லிலும் அதைச் சுற்றிய செம்மண் மேட்டு நிலங்களிலும் காடு வளர்ப்பின்போது நடப்பட்ட ஆத்திரேலிய மரம். முதிர்ந்த கட்டைகள் பலகையாகவும் அறைகலனாகவும் மாற்றப்படுகின்றன.

அளவு முறை

மெட்ரிக் முறை நடைமுறையில் இருந்தபோதிலும் மரவாடிகளில் அங்குலம், அடி, கன அடி ஆகியவையே வழங்குகின்றன. மர வணிகத்தில் 50 கன அடி ஒரு டன் எனக் கொள்ளப்படுகின்றது. இது எடையைக் குறிப்பதன்று. கன அளவையே குறிக்கும்.

உருட்டுக்கட்டையின் கன அளவு காற்சுற்று முறையில் கணக்கிடப்படுகிறது. கட்டையின் நடுச்சுற்றளவை நான்கால் வகுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 48 அங்குலச் சுற்றளவும் 10 அடி நீளமும் கொண்ட கட்டையின் காற்சுற்று 12 அங்குலம், அதாவது 1 அடி. எனவே கணக்கின்படி அதன் கன அளவு 10 கன அடி. உருளையின் உண்மையான கன அளவு ஏறத்தாழ 12.7 கன அடி ஆகும். காற்சுற்று முறை உண்மையான அளவில் ஏறத்தாழ 78.5 விழுக்காட்டையே காட்டும். எஞ்சியது அறுவையில் கழியும் புறப்பலகைக்கும் மரத்தூளுக்கும் ஈடாகக் கருதப்படுகிறது.

அறுத்த சட்டத்தின் அளவைக் கணக்கிட, அங்குலத்தில் அகலத்தையும் கனத்தையும் பெருக்கி, அடியில் நீளத்தாலும் பெருக்கி, 144 ஆல் வகுப்பர். 5 அங்குல அகலமும் 3 அங்குலக் கனமும் 7 அடி நீளமும் கொண்ட நிலைக்கால் ஏறத்தாழ 0.73 கன அடி ஆகும்.

உருட்டுக்கட்டையாக வாங்கும் ஒரு கன அடியும் சட்டமாக வாங்கும் ஒரு கன அடியும் சமமல்ல. கட்டையின் வளைவு, பொந்து, வெள்ளை, வெடிப்பு ஆகியவற்றால் ஏற்படும் இழப்பு முழுவதும் கட்டையை வாங்கியவரையே சாரும். விலைகளை ஒப்பிடும்போது இவ்வேறுபாட்டைக் கவனிக்காமையே வீடு கட்டுவோர் அடையும் நட்டத்திற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

அறுக்கும் முறைகள்

தற்போது பெரும்பாலான ஆலைகளில் பட்டை ரம்பம் பயன்படுகிறது. பெரிய இரு சக்கரங்களின் மீது ஓடும் முடிவற்ற எஃகுப் பட்டையின் ஓரத்தில் பற்கள் அமைந்திருக்கும். சிறு சட்டங்களை அறுக்க வட்ட ரம்பம் பயன்படுகிறது. ரம்பம் தின்னும் தடத்தின் அகலம் கழிவைத் தீர்மானிக்கின்றது. 12 அங்குலச் சதுரக் கட்டையை 1 அங்குலப் பலகைகளாக அறுக்கும்போது, தடம் கால் அங்குலமாயின் 9 பலகைகளும், தடம் வீசம் (1/16) அங்குலமாயின் 11 பலகைகளும் கிடைக்கும்.

கட்டையை அறுக்கும் திசையும் முக்கியமானது.

நேர் அறுவை: கட்டையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை இணையான பலகைகளாக அறுத்தல். கழிவு குறைவு, அகலமான பலகைகள் கிடைக்கும். பலகைகள் கிண்ணம் போல் வளையும் வாய்ப்பு உண்டு.

கால் அறுவை: கட்டையை முதலில் நான்காகப் பிளந்து, ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்திற்கு ஏறத்தாழச் செங்குத்தாக அமையுமாறு அறுத்தல். கழிவும் கூலியும் மிகும். ஆயினும் பலகை நிலையாக இருக்கும். கதவுச் சட்டங்களுக்கு இம்முறை ஏற்றது.

நடு நீக்கிய அறுவை: கட்டையின் மையப்பகுதியை விலக்கி, நான்கு பக்கமும் சட்டங்களை எடுத்தல். மையம் அடங்கிய சட்டம் உலரும்போது வெடிக்கும் என்பதால் நிலைகளுக்கு இது விரும்பப்படுகிறது.

அறுக்கும் முன்னர் தச்சர் ஒருவர் 'அறுவைப் பட்டியல்' ஒன்றைத் தயாரிப்பது வழக்கம். நீளமான உறுப்புகளை முதலிலும், அகலமானவற்றை அடுத்தும், சிறு ரீப்பர்களை இறுதியிலும் எடுத்தால் கழிவு குறையும். இழைப்புக்காக ஒவ்வொரு முகத்திலும் ஏறத்தாழ அரைக்கால் (1/8) அங்குலம் கூட்டி அறுக்க வேண்டும். உலராத மரமாயின் சுருக்கத்திற்கும் தனியே இடம் விட வேண்டும்.

உலர்த்துதல்

பச்சை மரம் உலரும்போது, அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 28 முதல் 30 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கும் நிலையில் சுருங்கத் தொடங்குகின்றது. சுருக்கம் எல்லாத் திசைகளிலும் ஒன்றாக இராது. நீளவாட்டில் மிகச் சிறிதே சுருங்கும். வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு இருக்கும். கோட்டம், முறுக்கல், வெடிப்பு ஆகியவற்றுக்கு இந்த வேறுபாடே அடிப்படைக் காரணம். குறைவாகச் சுருங்கும் மரமாகக் கருதப்படும் தேக்கிலும், பச்சையாகப் பொருத்தப்பட்ட 8 அங்குல அகலப் பலகை கால் அங்குலம் வரை சுருங்கக்கூடும்.

இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எசு. 287 தரம், காற்றின் ஈரத்தைக் கொண்டு நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு உறுப்புகளுக்கு ஏற்ற ஈரப்பத உச்ச அளவைப் பரிந்துரைக்கின்றது. உலர்த்தும் முறைகள் ஐ.எசு. 1141 தரத்திலும், மரப் பாதுகாப்பு ஐ.எசு. 401 தரத்திலும் கூறப்பட்டுள்ளன. புதுச்சேரி போன்ற கடலோரப் பகுதியில் மரம் ஓரளவு ஈரத்தை எப்போதும் தக்கவைத்திருக்கும். வறண்ட உள்நாட்டில் முற்றாக உலர்த்தப்பட்ட கதவு இங்கு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பி, நிலையில் சிக்கிக்கொள்வது இதனாலேயே ஆகும்.

காற்றில் உலர்த்தும்போது அறுத்த பலகைகளை நிலத்திலிருந்து ஓரடிக்குக் குறையாமல் உயர்த்தி, நிழலில் அடுக்க வேண்டும். பலகைகளுக்கு இடையே ஒரே கனமுள்ள சிறு ரீப்பர்களை நேர்க்கோட்டில் வைக்க வேண்டும். பலகை முனைகளுக்கு மெழுகு அல்லது வண்ணம் பூசினால் முனை வெடிப்பு குறையும். ஓரங்குலப் பலகை உலரச் சில மாதங்கள் ஆகும். மூன்றங்குல நிலைச்சட்டம் உலர அதைவிடப் பலமடங்கு காலம் தேவை. நிலை வைப்பதற்கு முந்தைய வாரத்தில் மரம் அறுப்பது பரவலான பழக்கமாக இருப்பினும், பிற்காலத்தில் தோன்றும் குறைகள் பலவற்றுக்கு இதுவே தொடக்கமாகும்.

பழைய மரம்

கிடைக்கும் இடங்கள்

புதுச்சேரியின் பழைய வீடுகளில் மெட்ராசு டெரசு எனப்படும் தட்டைக் கூரை பரவலாகக் காணப்படுகிறது. இதில் சுவரிலிருந்து சுவருக்கு நெருக்கமாக மரக்கட்டைகள் வைக்கப்படும். அவற்றின் மேல் சிறு மெல்லிய செங்கற்கள் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக, மூலைவாட்டத்தில் அடுக்கப்படும். அதன் மேல் செங்கல் சல்லிச் சுண்ணாம்புக் கலவையும், இறுதியாகத் தட்டோடும் பதிக்கப்படும். இத்தகைய வீடு இடிக்கப்படும்போது ஓர் அறையிலிருந்தே பல கட்டைகள் கிடைக்கின்றன. இவற்றுடன் உத்திரங்கள், தூண்கள், போதிகைகள், குடுமிக் கதவுகள், மாடிப்படிகள் ஆகியவையும் பெறப்படுகின்றன. ஊர்ப்புற ஓட்டு வீடுகளிலிருந்து பனங்கை, ரீப்பர் முதலியன கிடைக்கின்றன. பழைய தண்டவாளக் கட்டைகளும் மரச் சந்தைக்கு வருவதுண்டு.

தமிழ்நாட்டில் காரைக்குடியின் முனீசுவரன் கோயில் தெரு, செட்டிநாட்டு வீடுகளின் பழைய மரப்பொருட்கள் விற்கப்படும் இடமாகப் புகழ்பெற்றது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996 இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திரா அருங்காட்சியகத்தில், இடிபட இருந்த மரபு வீடுகள் உறுப்பு உறுப்பாகக் கழற்றப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. பழைய மரத்தை அறுத்துச் சிதைக்காமல் அதன் பழைய இடத்திலேயே மீண்டும் பொருத்துவதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

சோதித்தல்

பழைய மரம் அனைத்தும் நல்ல மரம் அன்று. சுவருக்குள் புதைந்திருந்த கட்டை முனைகளே முதலில் கெடுகின்றன. சுவரின் ஈரம், கூரைக் கசிவு, கறையான் ஆகிய மூன்றும் அங்கு கூடுகின்றன. வழக்கமான சோதனைகள் பின்வருமாறு:

1. சுத்தியலால் தட்டிப் பார்த்தல். திடமான மரம் கணீரென ஒலிக்கும். செல்லரித்தது மந்தமாக ஒலிக்கும்.
2. முனைகளிலும் ஆணித் துளைகளைச் சுற்றியும் கூரிய ஊசியால் குத்திப் பார்த்தல். எளிதில் உள்ளிறங்கினால் அப்பகுதி மக்கியிருக்கின்றது.
3. மாவு போன்ற தூள் உதிர்கின்றதா எனக் காணல். புதிய தூள், வண்டுகள் இன்னும் உள்ளே இருப்பதைக் காட்டும்.
4. ஓரத்தில் சிறிது இழைத்து நிறம், மணம், ரேகை ஆகியவற்றைக் கண்டு மர வகையை உறுதி செய்தல். வண்ணம் பூசப்பட்ட கட்டைகள் அனைத்தையும் பர்மா தேக்கு எனக் கூறி விற்பது உண்டு.
5. இரு முனைகளில் நூல் பிடித்துத் தொய்வை அளத்தல். நெடுங்காலம் பாரம் தாங்கிய கட்டையில் நிலையான தொய்வு இருக்கலாம்.

ஆணி நீக்கலும் மறு அறுவையும்

அறுப்பதற்கு முன் ஆணி, திருகு, பட்டை ஆகியவை முழுவதும் நீக்கப்பட வேண்டும். பழைய வீடுகளில் கையால் அடிக்கப்பட்ட சதுர ஆணிகள் காணப்படும். தலை உடைந்து உள்ளே தங்கிய ஆணி கண்ணுக்குத் தெரியாது. தேக்கில் இரும்பைச் சுற்றிக் கருநிறக் கறை படிவதால், அக்கறை ஆணியின் இடத்தைக் காட்டித்தரும். கையடக்க உலோகங்காணியும் பயன்படுகின்றது. ஒட்டியுள்ள சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டி எடுக்காவிடில் ரம்பப் பற்கள் விரைவில் மழுங்கும். ஓர் ஆணியால் பட்டை முழுவதும் அறுந்துபோகலாம் என்பதால், பழைய மரத்திற்குக் கூடுதல் கூலி கேட்பதும், பட்டை சேதமானால் ஈடு யார் தருவது என முன்கூட்டியே பேசிக்கொள்வதும் வழக்கம்.

பழைய மரத்தில் இழப்பு எதிர்பார்ப்பதைவிட மிகுதி. 6 அங்குல உயரமும் 4 அங்குல அகலமும் 12 அடி நீளமும் கொண்ட உத்திரம் 2 கன அடி ஆகும். ஒவ்வொரு முகத்திலும் கால் அங்குலம் சீவி, இரு முனைகளிலும் அரையடி வெட்டினால், எஞ்சுவது ஏறத்தாழ 1.47 கன அடி. நான்கில் ஒரு பங்குக்கு மேல் கழிந்துவிடுகின்றது.

மரத்தின் அளவை விட அதன் வலிமையில் ஏற்படும் மாற்றம் மேலும் கவனிக்கத்தக்கது. உத்திரத்தின் வளைவு வலிமை அதன் உயரத்தின் இருபடியையும், விறைப்பு உயரத்தின் முப்படியையும் சார்ந்தது. மேற்கூறிய உத்திரத்தை ஐந்தரை அங்குல உயரமும் மூன்றரை அங்குல அகலமும் ஆகுமாறு சீவினால், வலிமை ஏறத்தாழ 26 விழுக்காடும் விறைப்பு ஏறத்தாழ 33 விழுக்காடும் குறைகின்றன. அழகுக்காகச் சீவிய பழைய உத்திரத்தை முன்பிருந்த அதே இடைவெளியில், அதே பாரத்திற்குப் பொருத்துவது ஆபத்தானது. வெட்டுப்பள்ளங்களும் பழைய மூட்டுத் துளைகளும் உள்ள கட்டைகளுக்கும் இது பொருந்தும். பாரம் தாங்கும் மர உறுப்புகளின் வடிவமைப்பு ஐ.எசு. 883 தரத்தில் விளக்கப்பட்டுள்ளது. ஐயமுள்ள கட்டைகளைக் கூரையில் ஏற்றாமல் கதவு, சன்னல், அறைகலன் ஆகியவற்றுக்குப் பயன்படுத்துவதே நல்லது.

பழைய மரம் உலர்ந்தது எனினும் அறுத்தவுடன் பொருத்துவதற்கு ஏற்றதன்று. அறுக்கும்போது உள்ளிறுக்கம் தளர்ந்து சட்டம் வளையக்கூடும். எனவே சில வாரங்கள் அடுக்கி வைத்து, அதன் பின் இறுதி இழைப்பைச் செய்வர்.

புதிய மரமும் பழைய மரமும்

புதிய மரத்தில் தேவையான நீளமும் ஒரே தன்மையும் பெறலாம். ஆனால் உலர்த்தக் காலம் வேண்டும். பழைய மரம் உலர்ந்தது. பெரும்பாலும் வைரம் மிக்கது. அதே வேளையில் நீளம் வரையறுக்கப்பட்டது. துளைகளும் கறைகளும் கொண்டது. தூய்மைப்படுத்தும் கூலி மிகுந்தது. பழைய மரம் மலிவானது என்ற எண்ணம் எப்போதும் சரியன்று. வாங்கிய விலையுடன் ஏற்றுக்கூலி, ஆணி நீக்கும் கூலி, அறுவைக்கூலி, கழிவு ஆகியவற்றைக் கூட்டி, கையில் எஞ்சும் கன அடியால் வகுத்தால் மட்டுமே உண்மையான விலை தெரியவரும். சொந்த வீட்டை இடித்துக் கட்டுவோருக்கு மரத்தின் விலை இல்லாததால், மறு அறுவை பெரும்பாலும் ஆதாயமாகவே அமைகின்றது.

புயல் வீழ்த்திய மரங்கள்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்றில் இவ்வட்டாரத்தின் பலா, மா, முந்திரி, தென்னை, வேம்பு முதலிய மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த பெருமழையிலும் மரங்கள் வீழ்ந்தன.

இவ்வாறு ஒரே நாளில் வீழும் மரங்கள் சில வாரங்களில் விறகு விலைக்குப் போய்விடுகின்றன. நல்ல அடிமரத்தை உடனே அறுத்து அடுக்கினால் அதன் கட்டிட மதிப்பைக் காக்கலாம். மா, தென்னை போன்றவற்றுக்கு விரைவு மிகத் தேவை. தென்னந்தண்டின் அடிப்பகுதியிலுள்ள கடினமான புறப்பகுதி கைமரத்திற்கும் ரீப்பருக்கும் ஏற்றது. நுனியும் உட்பகுதியும் பாரம் தாங்கா. மக்கும் தென்னந்தண்டுகளில் காண்டாமிருக வண்டு பெருகி, எஞ்சிய தென்னைகளைத் தாக்கும் என்பதால் அவற்றை அகற்றுவது தோட்டத்திற்கும் நன்மை தரும். காற்றில் முறுக்குண்ட மரங்களில் குறுக்கே மயிரிழை வெடிப்புகள் இருக்கக்கூடும். அறுத்த பின் ஒவ்வொரு சட்டத்தையும் ஆராய்ந்த பிறகே பாரம் தாங்கும் இடத்தில் பொருத்த வேண்டும்.

சட்டமும் உரிமமும்

இந்தியாவில் மர அறுவை ஆலைகள் உரிமம் பெற்றே இயங்க வேண்டும். டி. என். கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த ஆணை காடு, மரத்தொழில் ஆகியவற்றின் மீதான கட்டுப்பாடுகளுக்கு அடிப்படையாக அமைந்தது. 2002 அக்டோபர் 30 அன்று, நடுவண் அதிகாரக் குழுவின் முன் அனுமதியின்றிப் புதிய அறுவை ஆலைகளைத் திறக்க மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் இசைவளிக்கக் கூடாது என அந்நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர் 2016 இல் வெளியிடப்பட்ட மரம்சார் தொழிற்கூட வழிகாட்டு நெறிகள், உரிமம் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பை மாநில அளவிலான குழுக்களிடம் ஒப்படைத்தன.

தமிழ்நாட்டில் 1968 ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகள் உள்ளன. புதுச்சேரித் திட்டுகளுக்கு இடையே மரத்தைக் கொண்டுசெல்லும் வண்டி தமிழ்நாட்டு நிலத்தைக் கடக்க நேரிடும். எனவே எந்த மரத்திற்கு அனுமதிச் சீட்டு தேவை, எதற்கு விலக்கு உண்டு என்பதை இரு பக்கத்து வனத்துறை அலுவலகங்களிலும் முன்னரே கேட்டறிவது நன்று. 2023 டிசம்பரில் நடுவண் அரசு நாடு முழுவதற்குமான தேசியப் போக்குவரத்து அனுமதி முறையைத் தொடங்கியது. சந்தனம், செம்மரம், ஈட்டி போன்றவை தனிக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டவை. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பது தமிழ்நாட்டின் 2021 ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது.

பழைய மரத்தை வாங்குவோர், அது எந்த வீட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கான எழுத்துச் சான்றையும் விற்பனைச் சீட்டையும் பெற்று வைத்திருத்தல் வேண்டும். திருட்டு மரமோ கோயில் மரமோ அன்று என்பதற்கு அதுவே ஆதாரமாகும்.

உடல்நலமும் பாதுகாப்பும்

மரத்தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துள்ளது. மூக்குக் குழிப் புற்றுநோய் இதனுடன் தொடர்புடையது. மூக்கையும் வாயையும் மூடும் தூசுக் கவசமும், தூளை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பும் தேவை.

பழைய கதவு, சன்னல்களில் ஈயம் கலந்த வண்ணம் இருக்கலாம். இந்தியாவில் வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்காகக் கட்டுப்படுத்தும் விதிகள் 2017 நவம்பர் 1 முதலே நடைமுறைக்கு வந்தன. எனவே அதற்கு முந்தைய வண்ணத்தை உலர்நிலையில் தேய்ப்பதோ எரிப்பதோ தீங்கானது. சிறுவர்களுக்கு அது பெருந்தீங்கு விளைவிக்கும். ஈரப்படுத்திச் சுரண்டுவதே பாதுகாப்பானது.

தண்டவாளக் கட்டைகளில் கிரியோசோட்டு என்னும் தார் எண்ணெய் ஊறியிருக்கலாம். செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மரக்காப்பு மருந்தை 1933 இல் தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கியவர் சொன்டி காமேசன் ஆவார். இவ்வாறு பதப்படுத்தப்பட்ட மரங்களின் வெட்டுத்துண்டுகளை அடுப்பெரிக்கப் பயன்படுத்தக் கூடாது.

ரம்பத்தின் அருகே தொங்கும் துண்டு, வேட்டி, தளர்ந்த கைச்சட்டை ஆகியவை விபத்துக்கு வழிவகுக்கும். வட்ட ரம்பத்தில் கட்டை இறுகிப் பின்னோக்கி எறியப்படுவதைத் தடுக்க, ரம்பத்தின் பின்னே பிளவுத்தகடு பொருத்தப்பட வேண்டும்.

மரபுக் கட்டிடங்களும் பழைய மரச் சந்தையும்

பழைய மரத்தைப் பயன்படுத்துவது புதிய மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கின்றது. ஆயினும் அதன் விலை உயர்வு, பழுது பார்த்துக் காக்கத்தக்க வீட்டையும் இடித்து விற்கத் தூண்டக்கூடும் என்பது மரபுக் கட்டிட ஆர்வலர்களின் கவலையாகும். கட்டிடம் கைவிடப்பட்டு, கூரை கசிந்து, கட்டை முனைகள் மக்கும்போது அதன் மரமும் மதிப்பிழக்கின்றது. 2014 நவம்பர் 29 அன்று பெய்த மழையில், பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த புதுச்சேரி மேரி கட்டிடம் இடிந்து விழுந்தது. பின்னர் அது பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டது.

மறுபுறம், புதுச்சேரி வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகள் இன்டாக் அமைப்பின் பங்களிப்புடன் சீரமைக்கப்பட்டு, 2008 இல் யுனெசுக்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றன. இத்தகைய சீரமைப்பில், கெட்ட முனையை மட்டும் வெட்டி அதே வகைப் பழைய மரத்தை ஒட்டுப்போடுவது முழுக் கட்டையையும் மாற்றுவதைவிடச் சிறந்ததாகக் கருதப்படுகின்றது. அதற்கு உரிய அளவில் பழைய மரத்தை அறுத்துத் தரும் ஆலையும், மூட்டு அறிந்த தச்சரும் அருகிலேயே இருத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

தேக்கு
பனை
தச்சுத் தொழில்
மெட்ராசு டெரசு
வில்லியனூர்
பாகூர்
தானே புயல்